கிளவுன் மீன் ஜோடி சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கொளத்தூரில் ஒரு மீன் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் கிளவுன் மீன், அதாவது ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கடல் மீன், கேட்டான். "ஒரு ஆண், ஒரு பெண், ரெண்டும் நல்ல பெருசா கொடுங்க." ஒரே அளவில் இரண்டு பெரிய மீன்கள் பைக்குள் போயின. "தம்பி, ரெண்டுமே பெண்ணா இருக்க வாய்ப்பிருக்கு, வேண்டாம்" என்றேன். "ஜோடின்னு சொல்லித்தானே அண்ணா கொடுக்கிறாங்க" என்றான். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் நானும் இதே பதிலைச் சொன்னவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். உப்பின் அளவு, தண்ணீரின் சூடு, புது டேங்கை எத்தனை நாள் ஓடவிடுவது என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று நினைப்பது

கிளவுன் மீனின் வீடு கடல் சாமந்தி, பாறையில் ஒட்டி வாழும் பூப்போன்ற கடல் விலங்கு. ஒரு கடல் சாமந்தியில் ஐந்து கிளவுன் மீன்கள் சேர்ந்து வாழ்ந்தால் பார்க்கக் குடும்பம் போலத்தான் இருக்கும். ஆனால் அவை உறவுக்கூட்டம் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் ஒன்றிரண்டு வாரம் நீரோட்டத்தில் மிதந்துவிட்டு, எங்கே சாமந்தி கிடைக்கிறதோ அங்கே ஒதுங்குகின்றன. கூட்டத்தில் ஆகப் பெரியது பெண். அதற்கு அடுத்தது ஆண். மீதியெல்லாம் இன்னும் ஆணாகவும் ஆகாமல் பெண்ணாகவும் ஆகாமல் வரிசையில் நிற்பவை. பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும், வரிசையில் முதலாவதாக நிற்பது ஆணாகும். ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஃப்ரிக்கேயும் சிமோன் ஃப்ரிக்கேயும் 1977-இலேயே இதை நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதிவிட்டார்கள்.

சின்ன மீன் வளரவில்லை என்று தீனியைக் கூட்டுவது

கூட்டாதீர்கள். அது பட்டினியால் சிறுத்துப் போகவில்லை. பாப்புவா நியூ கினியில் ஆய்வாளர் பீட்டர் பஸ்டன் அளந்து பார்த்து 2003-இல் வெளியிட்டது இதைத்தான்: ஒவ்வொரு மீனும் தனக்கு முன்னால் நிற்கும் மீனை எட்டிவிடாதபடி தன் வளர்ச்சியைத் தானே அடக்கி வைத்துக்கொள்கிறது. அளவில் நெருங்கினால் அடி விழும், சாமந்தியை விட்டுத் துரத்தப்படும். வெளியே போன கிளவுன் மீனைப் பெரிய மீன்கள் விட்டுவைப்பதில்லை.

செத்த பெண்ணுக்குப் பதிலாக இன்னொரு பெரிய மீனை வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. மாதத்துக்கு ஒருவராவது இதே கதையோடு என்னிடம் வருகிறார்கள்.

என் முதல் ஜோடி மூன்று வருடம் நன்றாக இருந்தது. ஒரு மழைக்கால இரவில் கரண்ட் போய், பம்ப் நின்று, பெண் செத்துப்போனது. ஆண் மட்டும் பிழைத்தது. நான்கைந்து மாதம் அதைத் தனியாக விட்டேன். அப்புறம், பாவம் தனியாக இருக்கிறதே என்று, நல்ல வளர்ந்த பெண் மீன் ஒன்றைத் தேடி அதிக விலை கொடுத்து வாங்கி நேரே டேங்கில் விட்டேன். முதல் நாள் துரத்தல். இரண்டாம் நாள் வால் கிழிந்தது. மூன்றாம் நாள் காலையில் புதுமீன் வடிகட்டியின் மூலையில் செத்துக் கிடந்தது. பழைய மீனுக்குப் பட்ட காயத்தில் பூஞ்சை பிடித்து அதுவும் பத்து நாளில் போய்விட்டது.

நடந்தது என்னவென்று பிறகுதான் புரிந்தது. நான் ஆண் என்று நினைத்துக்கொண்டிருந்த மீன், மேலே யாரும் இல்லாத அந்த மாதங்களில் பெண்ணாகிக்கொண்டிருந்தது. மாற்றம் தொடங்குவது நடத்தையில், உடம்பு பின்னால்தான் வருகிறது. இலினாய் பல்கலைக்கழகத்தில் இரண்டிரண்டு ஆண்களாகச் சேர்த்துவைத்துப் பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. மேலாதிக்கம் பெற்ற மீனின் மூளை பெண் மூளையாக மாறிய பின்னும் அதன் இனப்பெருக்க உறுப்பு வெகுகாலம் ஆண் உறுப்பாகவே இருந்தது. ஆகவே முட்டை போடவில்லை, எனவே ஆண்தான் என்று கணக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று, இந்த மாற்றத்துக்குத் திரும்பும் வழி இல்லை. ஆண் கிளவுனின் உறுப்புக்குள் முதிராத சூலகத் திசுவும் சேர்ந்தே இருக்கிறது. பெண்ணாகும்போது அது வளர்ந்து, விந்தகத் திசு அழிந்துவிடும். பெண்ணிடம் திரும்ப ஆணாவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. இரண்டு ஆண்களைச் சேர்த்தால் ஒன்று பெண்ணாகி வழி பிறக்கும். இரண்டு பெண்களைச் சேர்த்தால் ஒன்று சாகும்.

அதனால், பெண் செத்தால் மிஞ்சிய மீனைப் பெண் என்றே எடுத்துக்கொண்டு, கடையில் இருப்பதிலேயே ஆகச் சின்ன மீனை வாங்குங்கள். கட்டைவிரல் நகத்தளவு இருந்தால் நல்லது. ஒரு வாரம் துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து டேங்குக்குள்ளேயே மிதக்கவிடுங்கள். வெளியே விடும் நாளில் பாறைகளை இடம் மாற்றிவையுங்கள், பழைய மீனுக்குத் தன் எல்லை குழம்பிப்போகும். என் இப்போதைய ஜோடியை இப்படித்தான் சேர்த்தேன். ஒன்றரை வருடம் கழித்து மண்சட்டியின் உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் ஒட்டியிருந்தன. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

நடுக்கத்தை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவது

சின்ன மீன் பக்கவாட்டில் சாய்ந்து உடம்பெல்லாம் உதறும். வலிப்பு இல்லை, அது "நீதான் பெரியவள்" என்று பணிவது. அதைப் பார்த்தால் நிம்மதியாக இருங்கள், ஜோடி சேர்ந்துவிட்டது. செம்பு மருந்து ஊற்றினால் சாமந்தி செத்துவிடும்.

எல்லாப் பவளப்பாறை மீனும் இப்படியே மாறும் என்று நினைப்பது

திசை வேறு. கிளவுன் சாமந்தியை விட்டு நகர முடியாமல் ஒரே துணையோடு வாழ்கிறது. உடல் பெருத்தால் கூடுதல் முட்டை, ஆகவே பெரியது பெண்ணாவது லாபம். கூட்டமாக வாழும் ஆன்தியாஸ் என்ற பவளப்பாறை மீனில் ஒரு பெரிய ஆண் பல பெண்களை வைத்துக் காக்கிறது, அங்கே பெரியது ஆணாவதுதான் லாபம். எனவே ஆன்தியாஸ் கூட்டத்தில் ஆண் செத்தால் புது ஆண் வாங்கவே வேண்டாம், பெரிய பெண் நிறம் மாறி அந்த இடத்துக்கு வந்துவிடும். பவளக் கிளைகளுக்குள் வாழும் கோபியோடான் மீன்கள் இரண்டு திசையிலும் மாறக்கூடியவை. எந்த இரண்டு கிடைத்தாலும் அவை ஜோடியாகலாம்.

சின்ன டேங்கில் இரண்டு ஆண் ஆன்தியாஸ்

வேண்டாம்.

துப்புரவு ராஸ் மீனின் குணத்தை வீட்டில் பார்க்க ஆசைப்படுவது

நீல உடம்பில் கருங்கோடு ஓடும் மீன். ஆணை அகற்றிய சில மணி நேரத்திலேயே தலைமைப் பெண் ஆண்போல நடக்கத் தொடங்கியதை ஆய்வாளர் ராபர்ட்சன் 1972-இல் ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் பதிவு செய்தார். அருமையான மீன்தான். ஆனால் அது பிற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று பிழைப்பது. நம் டேங்கில் அதற்கு அந்தச் சாப்பாடு கிடைக்காது, பெரும்பாலும் மெலிந்தே சாகும். கடையில் இருந்தால் இருக்கட்டும், வாங்காதீர்கள்.