மார்கழிப் பனியில் கார் கழுவும் முறை

டெல்டாவில் கண்ணாடி உறையும் குளிர் கிடையாது. தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ மார்கழி விடியலில் 20 டிகிரிக்கு முன்பின் இருக்கும், அவ்வளவுதான். இங்கே வண்டியைக் கெடுப்பது ஈரம். கார்த்திகையிலிருந்து மாசி வரை ராத்திரி இறங்கும் பனி, ஏற்கெனவே படிந்திருக்கும் புழுதியோடு சேர்ந்து மெல்லிய சேறாக வண்டி மேல் நிற்கிறது. காலையில் ஒரு துணியை எடுத்து அதைத் துடைத்துவிடுகிறோமே, பெயிண்டுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

தை பிறந்தால் சம்பா அறுப்பு. அறுவடை மெஷின் ஓடும் வயலோரமாகப் போனாலே போதும், வண்டி முழுக்கச் சுணையும் பதரும் படிந்துவிடும். நெல் உமியில் சிலிக்கா நிறைய இருக்கிறது. ஆற்று மணலிலும் அதே பொருள்தான். ஈரத்துணியில் அது ஒட்டிக்கொண்டால் உப்புத்தாள் போல வேலை செய்யும். வெயிலில் நிறுத்தினால் பானெட்டில் வட்ட வட்டமாகத் தெரியும் கீறல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவையே. காலையில் அவசரமாகக் கிளம்ப வேண்டுமா? முன்பின் கண்ணாடிகளிலும் விளக்குகளிலும் ரெண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, வைப்பரை ஓட்டிவிட்டுப் போங்கள். மற்ற இடத்தில் கை வைக்க வேண்டாம்.

கழுவ நல்ல நேரம், பனி விலகியபின் காலை எட்டரை மணிக்கு மேல். சாயங்காலம் வேண்டாம். கதவு இடுக்கிலும் டிக்கி ரப்பருக்கு அடியிலும் நிற்கும் தண்ணீர் காய்வதற்குள் அடுத்த பனி இறங்கிவிடும். துரு அங்கேதான் பிடிக்க ஆரம்பிக்கும். வாசலில் மார்கழிக் கோலம் இருக்கும் என்பதால் வண்டியைப் பக்கவாட்டில், தண்ணீர் வடியும் சரிவில் நிறுத்துவது நல்லது. வாய்க்காலிலோ படித்துறையிலோ இறக்கிக் கழுவாதீர்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்திருப்பதால் மார்கழியில் வாய்க்காலில் தண்ணீர் ஓடும்தான். ஆனால் அது வண்டல் கலந்த தண்ணீர், கீறும். நம் வண்டியின் ஆயிலும் ஷாம்பூவும் யாரோ ஒருவருடைய வயலுக்குப் போய்ச் சேரும்.

தண்ணீர் ஊற்றுமுன் குனிந்து அடியில் பாருங்கள். சாலையில் பரப்பிய வைக்கோல் மேல் வண்டி ஏறியிருந்தால் சைலன்சரிலும் அச்சிலும் சுற்றிக்கொண்டிருக்கும். சூடான சைலன்சரில் காய்ந்த வைக்கோல் தீப்பிடிக்கும், அலட்சியம் வேண்டாம். எஞ்சினை அணைத்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கி எடுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேர்ந்திருக்கும் புங்க இலை, வேப்பஞ்சருகு, பதர் எல்லாவற்றையும் கையால் அள்ளுங்கள். அங்குள்ள வடிகால் ஓட்டை அடைத்தால் தண்ணீர் ஏசி புளோயர் வழியாக உள்ளே இறங்கும். காலடிக் கம்பளம் ஏன் நனைந்தது என்று தெரியாமல் திண்டாடுவது பல நேரம் இதனால்தான். எஞ்சின் மேல் மட்டும் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ரேடியேட்டரின் முன்பக்கம் பதர் அடைத்திருந்தால் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வேகமாக அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும், பிறகு காற்று போகாது.

தேவையானவை: 10 லிட்டர் வாளி மூன்று, கார் ஷாம்பூ, மைக்ரோஃபைபர் கையுறை ஒன்று, தடித்த மைக்ரோஃபைபர் துண்டு இரண்டு, சக்கரத்துக்குத் தனி பிரஷ். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம், அது வேக்ஸை உரித்துவிடும். ஷாம்பூவின் அளவு டப்பாவில் போட்டிருக்கும். அதைக் கூட்டுவதால் அழுக்கு கூடப் போகாது, அலசத்தான் தண்ணீர் கூடச் செலவாகும். தண்ணீரைச் சுட வைக்கவும் தேவையில்லை; மார்கழிக் காலையில் போர் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும்.

முதலில் சக்கரம். வயல் பாதையின் களிமண் டயருக்கு மேலே உள்ள குழிவிலும் ரிம்மின் உள்பக்கத்திலும் அப்பி இறுகியிருக்கும். நனைத்துவிட்டுப் பத்து நிமிஷம் ஊறவிடுங்கள். காய்ந்த மண்ணைச் சுரண்டக் கூடாது. ரிம்முக்குள் ஒரு பக்கமாகச் சேறு தங்கினால் வேகம் கூடும்போது ஸ்டியரிங் நடுங்கும். வீல் பேலன்சிங்குக்குக் காசு கொடுக்குமுன் உள்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். சக்கரத்துக்குப் பயன்படுத்திய வாளியையும் பிரஷ்ஷையும் பாடியில் தொடவிடாதீர்கள்.

அடுத்து கூரையிலிருந்து கீழ்நோக்கி வெறும் தண்ணீர். கையால் தொடாமலே பாதி அழுக்கு இறங்க வேண்டும், அதற்காகத் தாராளமாக ஊற்றலாம். பம்பரில் ஒட்டிய பச்சைப் பூச்சிகள் மேல் ஈரத்துணியை ஐந்து நிமிஷம் போட்டுவையுங்கள், தேய்க்காமலே வரும். பிறகு ஒரு வாளியில் ஷாம்பூ, இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒரு பகுதியைத் தேய்த்ததும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் முக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் கீறல்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். நேர்கோட்டில் தேயுங்கள், வட்டமாக வேண்டாம். நுரை காயுமுன் பகுதி பகுதியாக அலசிவிடுங்கள். வயலுக்கு மருந்து அடிக்கும் ஸ்பிரேயர் சும்மாதானே இருக்கிறது என்று எடுக்காதீர்கள். எவ்வளவு கழுவினாலும் மருந்து தங்கியிருக்கும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், காரைக்கால் பக்கம் இருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். வண்டியின் அடிப்பகுதியில் படிந்த உப்பு பனியில் கரைந்து இரும்பை அரிக்கும். வாரம் ஒரு முறை அடிப்பாகத்தை வெறும் தண்ணீரில் அலசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டால் ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிஷம் வைத்து, உடனே கழுவிவிடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் கடையில் விடுவதாக இருந்தால் குழாய் முனை பெயிண்டிலிருந்து ஓரடியாவது தள்ளி இருக்கட்டும். அடியில் டீசலோ பழைய ஆயிலோ அடிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரப்பர் புஷ்கள் ஊதி இளகிவிடும், புழுதியும் மேலும் ஒட்டும்.

பனிக்காலத்தில் கழுவுவதைவிட உலர்த்துவதற்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். துண்டை அழுத்தித் தேய்க்காமல் விரித்துப் போட்டு இழுங்கள். பழைய வேட்டி, பனியன் துணி வேண்டாம். நாலு கதவு, டிக்கி, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் திறந்து ஓரங்களை ஒற்றி எடுங்கள். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். சேறு அடைத்திருந்தால் பல்குத்தும் குச்சியால் குத்தி விடுங்கள், உள்ளே நின்ற தண்ணீர் வடியும். தேங்காய்நார் மிதியடி முழுசாகக் காய ஒரு பகல் வெயில் வேண்டும். அரை ஈரத்தில் திரும்பப் போட்டால் பூஞ்சை வாடை ரெண்டே நாளில் வரும், மார்கழி முழுக்கப் போகாது. ஈர வண்டிக்கு மேல் கவர் போடவே கூடாது.

கடைசியாக, ஒரு கிலோமீட்டர் ஓட்டி நாலைந்து தடவை மெல்ல பிரேக் பிடியுங்கள், டிஸ்க்கும் டிரம்மும் காய்ந்துவிடும். மறுநாள் காலை டிஸ்க்கில் செம்மையாகத் தெரிவது மேலோட்டமான துரு. ரெண்டு பிரேக்கில் போய்விடும், பயம் வேண்டாம். கழுவிய அன்று ராத்திரி சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்தால் ஈரமான பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். காலையில் வண்டி நகராது.