பழைய ஸ்டீல் ரோடு சைக்கிள்: பி.பி.யைப் பிரித்து ஓவராயில் செய்வது எப்படி?

1970களில் வந்த ஒரு பெஜோவோ பியாங்கியோ ராலியோ கைக்கு வந்துவிட்டால், எல்லோரும் முதலில் பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பி.பி.யை (பாட்டம் பிராக்கெட்). பெடல் மாட்டிய கைகளான கிராங்க்குகளை இணைக்கும் அச்சு சுழலும் பேரிங் பகுதி அது. உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடக்கும்போது, ரெனால்ட்ஸ் 531 என்ற உயர்தர ஸ்டீல் குழாயில் செய்த பிரேம்கூட மந்தமாகத்தான் தெரியும். சுத்தம் செய்து பேரிங் குண்டு மாற்றிய பிறகு மிதித்துப் பாருங்கள், அந்த பிரேமின் அருமை காலிலேயே தெரியும்.

இது சதுர முனை அச்சு உள்ள சைக்கிளுக்கான முறை. காட்டர் பின் என்ற ஆப்பு அடித்த கிராங்க் தனி வேலை.

கிராங்க்கைக் கழற்றுவது

போல்ட்டுக்கு இத்தாலிய கேம்பக்னோலோவில் 15 மி.மீ., பிரெஞ்சு கிராங்க்கில் 16, ஜப்பானியதில் 14 மி.மீ. பாக்ஸ் ஸ்பானர் வேண்டும். போல்ட் வந்ததும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புல்லரை (கிராங்க்கை அச்சிலிருந்து இழுத்தெடுக்கும் கருவி) திருகினால் புல்லர் அச்சைத் தள்ளாது, வாஷரைத்தான் தள்ளும். கடைசியில் கிராங்க்கின் அலுமினிய மரை உரிந்து வந்துவிடும்.

புல்லரின் அளவும் முக்கியம். பெரும்பாலான கிராங்க்குக்கு 22 மி.மீ. போதும். பிரெஞ்சு கம்பெனிகளில் டி.ஏ.வுக்கு 23, பழைய ஸ்ட்ராங்லைட்டுக்கு 23.35. ஸ்ட்ராங்லைட்டில் 22 மி.மீ. புல்லர் லொடலொடவென்று நுழையும், இழுத்தால் மரையோடு வந்துவிடும். புல்லர் விரலால் திருகியே முழு ஆழமும் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அளவு தவறு, அல்லது மரையில் அழுக்கு. பல அளவுக்கும் பொருந்தும் என்று விற்கும் மலிவு புல்லர் வேண்டாம். சரியான அளவில் ஒன்று வாங்குங்கள், காலத்துக்கும் வரும்.

கப்பைக் கழற்றுவது: நிதானம் வேண்டிய இடம்

கப் என்பது குண்டுகள் ஓடும் கிண்ணம், பிரேமில் பக்கத்துக்கு ஒன்று திருகியிருக்கும். இடப்பக்கக் கப் எல்லா சைக்கிளிலும் வழக்கமான மரைதான். லாக் ரிங்கைக் கழற்றி, கப்பை இடஞ்சுழியாகத் திருப்பினால் வரும். சிக்கல் செயின் பக்கத்துக் கப்பில். முகப்பில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள்:

1.370 x 24 என்றால் ஆங்கில மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்.
36 x 24 என்றால் இத்தாலியது. இடஞ்சுழி.
35 x 1 என்றால் பிரெஞ்சு, இடஞ்சுழி. ஆனால் ஸ்விஸ் மரைக்கும் இதே 35 x 1தான், அதற்கு வலஞ்சுழி. மோட்டோபெக்கான் சைக்கிள் சிலவற்றில் இந்த ஸ்விஸ் மரை உண்டு.

திசை தெரியாமல் ஸ்பானரில் பெரிய பைப் மாட்டி அழுத்தினால் கப் இன்னும் இறுகும். என் யோசனை: செயின் பக்கத்துக் கப்பை முடிந்தவரை தொடாதீர்கள். டார்ச் அடித்து, துணியால் துடைத்துப் பாருங்கள். குண்டு ஓடும் தடம் பளபளவென்று குழியில்லாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

குழி விழுந்திருந்தால் கழற்றியே ஆக வேண்டும். சாதாரண ஸ்பானர் வழுக்கும். 16 மி.மீ. போல்ட்டைத் தலை உள்ளே இருக்கும்படி கப்பின் துளையில் விட்டு, இரு பக்கமும் வாஷர் போட்டு, வெளியே நட்டை நன்றாக இறுக்குங்கள். ஆங்கில மரை என்றால் நட்டை மேலும் வலஞ்சுழியாகத் திருப்புங்கள். நட் இறுக இறுக கப் கழன்று வரும். இத்தாலியம், பிரெஞ்சு என்றால் இடப்பக்கத்திலிருந்து நீண்ட பாக்ஸ் ஸ்பானரை உள்ளே விட்டு, போல்ட் தலையை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் ஊற்றி வையுங்கள்.

திரும்பக் கோர்ப்பது

பக்கத்துக்கு 11 வீதம், 22 கால் அங்குலக் குண்டு. பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். குண்டுகளைக் கோர்த்து வரும் வளையமான கேஜில் குண்டு குறைவாகவே இருக்கும், அதனால் நான் உதிரிக் குண்டுதான் போடச் சொல்வேன். கப்பில் கிரீஸை நிறையத் தடவி, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதியுங்கள். படகுக்குப் போடும் தண்ணீர் புகாத கிரீஸ் சிறந்தது. அச்சின் நீண்ட முனை செயின் பக்கம் வர வேண்டும்.

நடுவில் பிளாஸ்டிக் உறை இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலை வெட்டிச் சுருட்டி வையுங்கள். பிரேம் குழாய்க்குள்ளிருந்து உதிரும் துருத்தூள் குண்டுக்குள் விழாமல் அது காக்கும்.

இடப்பக்கக் கப்பை ஆட்டம் நிற்கும்வரை திருகி, ஊசியளவு பின்னால் விடுங்கள். லாக் ரிங்கை இறுக்கும்போது கப்பும் கூடவே சுழலப் பார்க்கும். கப்பின் துளைகளில் மாட்டும் பின் ஸ்பானரால் (pin spanner) கப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரலால் அச்சை அசைத்தால் ஆட்டம் தெரியாது. கிராங்க்கை மாட்டி, அதன் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கிராங்க் போல்ட்டுக்கு 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம். தளர்ந்த கிராங்க்கோடு ஓட்டினால் அலுமினியச் சதுரம் வட்டமாகிவிடும், அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

பிறகு சேர்த்தது

இத்தாலிய சைக்கிளில் செயின் பக்கத்துக் கப் தானாகவே கழலுகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பழுது ஒன்றுமில்லை. மிதிக்கும்போது குண்டுகள் உருளும் விதத்தில் கப் கழலும் திசைக்கே தள்ளப்படுகிறது. ஆங்கில மரையை எதிர்த்திசையில் வைத்ததே இதனால்தான். மரையைப் பெட்ரோலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மரை கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட்டில் நடுத்தர வலிமையுள்ள நீலத்தை இரண்டு சொட்டு விட்டு, 36 மி.மீ. ஸ்பானரில் முழு பலத்தோடு இறுக்குங்கள்.

நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலி பலவற்றில் அங்குலத்துக்கு 26 மரை. வழக்கமான 24 மரைக் கப் அதில் ஏறாது. பழைய கப் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், மாற்று கிடைப்பது கஷ்டம்.