தூண்டில் கோலின் கார்க் பிடியைப் பேணுவது எப்படி?

கார்க் என்பது ஓக் மர வகை ஒன்றின் பட்டை. அதன் நுண்ணறைகளில் காற்று நிறைந்திருப்பதால்தான் பிடி இலேசாகவும் கைக்கு இதமாகவும் இருக்கிறது. வியர்வையும் மீன் கவிச்சியும் படிந்து அது கறுத்துப்போனால், வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டுக் கலந்து, மென்மையான ஸ்பாஞ்சால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவிட வேண்டும். ஊறவைக்கக் கூடாது, வட்டு வட்டாக ஒட்டிச் செய்த பிடியில் பசை தளரக்கூடும்.

குழி விழுந்த பிடிக்குத்தான் பொறுமை தேவை. பழைய பாட்டில் கார்க் ஒன்றை உப்புத்தாளில் உரசிக் கிடைக்கும் தூளை, நீரைத் தாங்கும் மரப்பசையில் களிபோலக் குழைத்து, காயும்போது சுருங்கும் என்பதால் சற்று மேடாகவே அப்ப வேண்டும். ஒரு நாள் கழித்து, கோலின் தண்டிலும் ரீல் பொருத்தும் இடத்திலும் கீறல் விழாதபடி டேப் சுற்றிவிட்டு, முதலில் 220, பிறகு 400 எண் உப்புத்தாளால் சமன் செய்யலாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் கார்க் சிறிது மெலிவதால், வெறும் கறைக்காக உப்புத்தாளை எடுப்பதை நான் விரும்புவதில்லை.

ஈரமும் அழுக்கும் ஏறாமல் பிடியைக் காக்கும் திரவமான கார்க் சீலரை மெல்லிய பூச்சாகவே பூச வேண்டும். தடித்தால் ஈரக்கையில் வழுக்கும். பிடி நன்றாக உலராமல் கோலை உறைக்குள் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.