மினரல் ஃபவுண்டேஷன்: முகம் ஏன் சாம்பல் பூக்கிறது?

மினரல் ஃபவுண்டேஷனை, அதாவது தாதுப் பொடிகளால் ஆன மேக்கப் பவுடரை, போட்டுப் பார்த்துவிட்டு ஓரங்கட்டியவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே புகார்தான்: "போட்டதும் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு." பழி பவுடர் மேல் விழுகிறது. ஆனால் பல நேரங்களில் கோளாறு ஷேட்டிலும், அள்ளிப் போட்ட அளவிலும்தான் இருக்கும்.

டப்பாவில் இருப்பவை முக்கியமாக டைட்டானியம் டையாக்சைடு, ஸிங்க் ஆக்சைடு, மைக்கா, இரும்பு ஆக்சைடுகள். முதல் இரண்டும் நல்ல வெள்ளை. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பொருந்தும் நிறத்தைக் கொடுப்பவை சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். கொஞ்சம் வெளுப்பாகத் தெரியட்டுமே என்று இரண்டு ஷேட் குறைத்து வாங்கினால், அந்த வெள்ளைதான் முகத்தில் மேலோங்கி நிற்கும். அண்டர்டோனும் அப்படித்தான். நம்மில் நிறையப் பேருக்குத் தோலுக்கு அடியில் மஞ்சளோ பொன்னிறமோ லேசான பச்சையோ ஓடும். அதன் மேல் ரோஸ் சாயல் உள்ள ஷேட்டைப் போட்டால் மங்கலாகத்தான் தெரியும்.

புறங்கையில் தடவிப் பார்த்து வாங்குவதை விட்டுவிடுங்கள். கை வேறு நிறம், முகம் வேறு நிறம். தாடையோரத்தில், கழுத்தைத் தொடுகிற இடத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடனே முடிவெடுக்கவும் வேண்டாம், கால் மணி நேரம் போகட்டும். மணல் நனைந்தால் கறுப்பதைப் போல, முகத்தின் எண்ணெய் பட்டதும் பவுடரின் நிறமும் சற்று அடர்த்தியாகும். அப்போது தெரிவதுதான் உங்கள் ஷேட்.

சரி, போடும் விதம். மூடியில் ஒரு சிட்டிகை போதும். அடர்த்தியான பிரஷ்ஷை அதில் சுழற்றி, விளிம்பில் தட்டி உதிர்த்துவிட்டு, முகத்தில் சிறு வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். போதவில்லை என்றால் இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரேயடியாக அப்பினால் மூக்கோரத்திலும் கண்ணுக்குக் கீழும் கோடு கோடாகத் தெரியும். மாய்ஸ்சரைசர் ஈரம் காய்வதற்குள் போட்டாலும் திட்டுத் திட்டாக ஒட்டும். சென்னை வெயிலில் மதியம் முகம் வியர்த்து வழியும்போது, அதன் மேலேயே மறுபடி பவுடர் போடுவது இன்னும் மோசம். டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

டப்பாவில் எஸ்.பி.எஃப். 15 என்று (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைச் சொல்லும் எண்) இருப்பதைப் பார்த்து சன்ஸ்கிரீனை விட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். அந்த எண்ணைச் சோதிக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். அந்தக் கணக்கில் பவுடர் போட்டுக்கொண்டு யாரும் வாசல் தாண்ட முடியாது. சன்ஸ்கிரீன் முதலில், பவுடர் அதற்கு மேல். மங்கு (முகத்தில் படரும் பழுப்புத் திட்டுகள்) உள்ளவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம்: கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் அந்தத் திட்டுகளைக் கூட்டும். அந்த வெளிச்சத்தைத் தடுப்பதில் இரும்பு ஆக்சைடுக்குப் பங்கு உண்டு என்பதால், நிறம் கலந்த சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைப்பதுண்டு.

'இயற்கையானது, கெமிக்கல் இல்லாதது' என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. அழகுசாதனங்களில் சேரும் இரும்பு ஆக்சைடு ஆலையில் தயாராவது. அதுவும் நல்லதற்குத்தான், ஏனென்றால் மண்ணிலிருந்து எடுப்பதில் ஈயம், ஆர்சனிக் போன்றவை கலந்திருக்கலாம். சில பிராண்டுகளில் பளபளப்புக்காக பிஸ்மத் ஆக்சிகுளோரைடு சேர்ப்பார்கள். சிலருக்கு, குறிப்பாக வியர்க்கும்போது, அது அரிப்பைத் தரும். மினரல் போட்டும் முகம் அரிக்கிறது என்றால் முதலில் லேபிளில் அந்தப் பெயரைத் தேடுங்கள்.

கல்யாணத்துக்குப் போடுவதாக இருந்தால் முன்பே போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரியாத வெள்ளை அதில் தெரிந்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் பறக்கும் தூளை விட்டுவிட்டு, அழுத்திக் கட்டியாக்கிய வகையை வாங்குவது நல்லது. மற்றவர்களும் முகத்துக்கு நேரே பிரஷ்ஷை உதற வேண்டாம்.

பிரஷ்ஷை வாரம் ஒருமுறை மென்மையான ஷாம்பூவில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே டப்பாவுக்குள் விடுங்கள். தண்ணீர் இல்லாத பவுடரில் கிருமி எளிதில் வளராது, ஈர பிரஷ் பட்டால் அந்த வசதி போய்விடும்.