மெத்திலீன் ப்ளூவுக்கு நீல விளக்கு எதற்கு?

“மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் கிருமி செத்துவிடும், அதுதானே சார் இது?” சாயத்தையும் ஒளியையும் சேர்த்துப் பாக்டீரியாவைக் கொல்லும் முறையைப் பற்றி, கடலூரில் ப்ராஜெக்டுக்கு வரும் பிள்ளைகள் வருடம் தவறாமல் கேட்பது இது. பாதி சரி. மஞ்சளில் உள்ள குர்குமின், ஒளி பட்டால் விழித்துக்கொள்ளும் சாயம்தான். விழுங்கிய ஆற்றலை அது பக்கத்து ஆக்சிஜனிடம் தள்ளிவிடுகிறது; வெறிபிடித்த அந்த ஆக்சிஜன் பாக்டீரியாவின் சவ்வு, புரதம், டிஎன்ஏ என்று கிடைத்ததையெல்லாம் சிதைக்கிறது. ஆனால் தண்ணீரில் அதன் ஆயுள் சில மைக்ரோ நொடிதான். ஒரு மைக்ரோமீட்டர்கூட நகராது. அதனால் சாயம் பாக்டீரியாமேல் ஒட்டியிருக்க வேண்டும். ஊற்றிய கையோடு விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். சில நிமிடமாவது இருட்டில் ஊறட்டும்.

விளக்கு வாங்குவதில் இன்னொரு கூத்து. மெத்திலீன் ப்ளூ என்று இன்னொரு சாயம்; பெயரிலேயே ப்ளூ இருக்கிறதே என்று அதற்கு நீல எல்இடி வாங்கி வருவார்கள். நீலமாகத் தெரிகிறது என்றால் நீலத்தை விட்டுவிட்டுச் சிவப்பை விழுங்குகிறது என்று அர்த்தம். அதற்கு 660 நானோமீட்டர் பக்கம் சிவப்பு வேண்டும். நீல விளக்கு குர்குமினுக்கு, 420–430 பக்கம்.

சாயத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். மேலே உள்ள சாயமே ஒளியைக் குடித்துவிடும், அடியில் கிடக்கும் பாக்டீரியாக்கள் நிழலில் பிழைத்துக்கொள்ளும்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா செத்ததை வைத்து ஈ.கோலை என்ற இன்னொரு பாக்டீரியாவும் சாகும் என்று எழுதுவதும் தவறு. ஈ.கோலைக்கு வெளிச்சவ்வு என்று இன்னொரு மதில் உண்டு. மெத்திலீன் ப்ளூ போல நேர்மின்னேற்றம் உள்ள சாயம் அதில் ஒட்டும், குர்குமின் திணறும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது கன்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பார்க்கும் தட்டு, வைக்காதபோதுதான். மே மாதம் மொட்டை மாடியில் பாக்டீரியாத் தட்டை வைத்தால் சாயமே வேண்டாம், சூடும் புற ஊதாவும் கொன்றுவிடும். ஒளி மட்டும், சாயம் மட்டும், இரண்டும், இரண்டும் இல்லாதது என்று நான்கு தட்டு வேண்டும். சாயம் மட்டும் உள்ள தட்டை ஃபாயிலில் சுற்றுங்கள். ஜன்னலோரம் திறந்து வைத்தால் அது இருட்டில் வைத்ததாகாது. 1900-இல் வெளியான ஆய்வில், மியூனிக்கில் மருத்துவ மாணவராக இருந்த ஆஸ்கார் ராப் இதில்தான் மாட்டிக்கொண்டார். அக்ரிடின் சாயம் ஒரே அளவுதான், ஆனால் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரிகள் ஒரு நாள் சீக்கிரம் செத்தன, இன்னொரு நாள் தாக்குப்பிடித்தன. வேறுபட்டது அறை வெளிச்சம்! அவர் கண்டுபிடித்துவிட்டார்; நாம் மதிப்பெண் இழப்போம்.

மீன் தொட்டிக்கு விற்கும் மெத்திலீன் ப்ளூவை ஈறில் தடவலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். வேண்டாம்மா. பல் மருத்துவர்களே காறையைச் சுரண்டி எடுத்த பிறகு, கூடுதலாகத்தான் இதைச் செய்கிறார்கள்.