வெயில் காலத்தில் கிளியர் கோட்

கார் பெயிண்டுக்கு மேல் கடைசியாக அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சுதான் கிளியர். சித்திரை வெயிலில் அதை அடித்தால், எங்கள் பட்டறையில் பானெட் முழுக்க ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நின்றுவிடும். சூடான தகட்டில் விழும் துளி, பரவுவதற்குள் காய்ந்துவிடுவதுதான் காரணம். அதனால் மெதுவாக உலரும் தின்னருக்கும், பூச்சை இறுக வைக்கும் ஹார்டனரிலும் மெதுவான ரகத்துக்கும் மாறினேன். ஸ்பிரே வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். ஸ்பிரே கன்னில் 1.3 மி.மீ. நாசில், தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும்.

டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்வாகப் பார்த்தால், துளிகள் ஒன்றுசேர்ந்து கண்ணாடியாகப் படர்வது தெரியும். அந்த நொடியில் கை நகர்ந்துவிட வேண்டும், தாமதித்தால் வடியும். ஓரத்தை மறைக்க ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் பட்ட கிளியரைத் தொட்டால் விரலில் ஒட்டணும், நூல் இழுக்கக் கூடாது. அதுதான் அடுத்த கோட்டுக்கான பதம். அப்புறம் தூசி விழுந்த இடங்களை மட்டும், நன்றாக இறுகிய பிறகு, 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்) தேய்த்து பஃபிங் போட்டால் சரியாகிவிடும்.