விடுமுறைக்குள் முதுகுவலிச் சிகிச்சை: தாயகம் செல்வோருக்கு

மூன்று வார விடுமுறையில் தாயகம் செல்லும் பலர், நெடுநாளாக இழுத்துக்கொண்டிருக்கும் முதுகுவலிக்கும் அங்கேயே ஒரு வழி பார்த்துவிடலாம் என்று எண்ணுகிறார்கள். முள்ளெலும்பு மூட்டுகளால் வரும் வலிக்கு அறுவை சிகிச்சையின்றியே நிவாரணம் பெற வாய்ப்பு உண்டு என்பதால் அந்த எண்ணம் தவறன்று. ஆனால் இது ஒரே நாளில் முடியும் காரியமல்ல, படிப்படியாகச் செல்வது.

முள்ளெலும்புகளின் பின்புறத்தில், இருபக்கமும் சோடி சோடியாக அமைந்து மேலெலும்பையும் கீழெலும்பையும் இணைப்பவை ஃபேசெட் மூட்டுகள். முழங்காலைப் போல இவற்றிலும் குருத்தெலும்பு இருப்பதால், முழங்காலைப் போலவே இவையும் தேய்கின்றன. நெடுநேரம் விமானத்தில் அமர்ந்துவிட்டு, தலைக்கு மேலுள்ள பையை எடுக்கக் கைகளை உயர்த்தி முதுகைப் பின்னுக்கு வளைக்கும்போது இடுப்பில் சுரீரென்று பிடித்து, வலி புட்டத்துக்கும் தொடைக்கும் பரவினாலும் முழங்காலைத் தாண்டாமல் நின்று, முன்னால் குனிந்தால் சற்று இதமாக இருக்குமானால், இந்த மூட்டுகளைச் சந்தேகிக்கலாம். சந்தேகிக்கத்தான் முடியும். வலியே இல்லாதவர்களின் எம்ஆர்ஐ ஸ்கேனிலும் தேய்வு தெரிவது சாதாரணம் என்பதால், ஸ்கேனை மட்டும் பார்த்து ஊசிக்கு நாள் குறித்தால் உடனே சம்மதித்துவிடாதீர்கள்.

வலி மாத்திரையும், வயிற்றுத் தசைகளையும் முதுகுத் தசைகளையும் வலுப்படுத்தும் பிசியோதெரபியும்தான் முதற்படி. பலருக்கு அதுவே போதும். அதைப் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. அது பலிக்காதபோதுதான் சோதனை ஊசி. மூட்டின் வலியைக் கடத்தும் நுண்நரம்புகளுக்கருகே, எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே சிறிதளவு மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். மருந்தின் வேலை சில மணிநேரம்தான். அந்த நேரத்தைப் படுத்துக் கழித்துவிட்டால் சோதனையே வீண். வழக்கமாக வலிக்கும் அசைவுகளைச் செய்து பார்த்து, மணிக்கொருமுறை வலியின் அளவைப் பத்துக்கு எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். வலி பெருமளவு குறைந்தால்தான் அடுத்த படிக்குப் பொருளுண்டு. உறுதிப்படுத்திக்கொள்ள இதே சோதனையை இன்னொரு நாளும் செய்யும் மருத்துவர்கள் உண்டு.

அடுத்த படி, ரேடியோ அலைகளால் அந்த நரம்புகளைச் சுடும் சிகிச்சை. குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் ஊசியை இறக்கியபின் முதலில் இலேசான மின்னோட்டம் தருவார்கள். ஊசியைச் சுற்றியுள்ள முதுகுத் தசை துடிக்கலாம், கால் துடிக்கக் கூடாது. கால் துடித்தால் ஊசி தவறான நரம்புக்கு அருகில் இருக்கிறதென்று பொருள். இடம் சரியென்று தெரிந்தபின் ஊசிமுனை சுமார் 80 பாகை செல்சியசில் 60 முதல் 90 விநாடி வரை சூடாக்கப்படும். நிவாரணம் பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓராண்டு வரை நிற்கும். நரம்பு மீண்டும் வளர்வதால் வலியும் திரும்பக்கூடும், அப்போது மறுபடியும் செய்துகொள்ளலாம்.

சுட்ட இடம் ஓரிரு வாரம் நோகலாம், முழுப்பலன் தெரியவும் சில வாரங்கள் ஆகலாம். ஆகவே சோதனை ஊசியை முதல் வாரத்திலேயே முடித்து, சுடும் சிகிச்சைக்கும் திரும்பும் பயணத்துக்கும் நடுவே குறைந்தது பத்து நாள் இடைவெளி விடுவதே என் யோசனை. விடுமுறை இரண்டு வாரம்தான் என்றால் சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் புறப்படும் முன்பே கேட்க வேண்டும். ஊசி மருந்தில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால், நீரிழிவு உள்ளவர்களுக்கு அது சில நாள் சர்க்கரையை ஏற்றிவிடும். காலில் பலவீனம், மறைவிடத்தில் மரத்துப்போதல், சிறுநீர், மலக் கட்டுப்பாடு இழத்தல், வலியோடு காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் இந்தத் திட்டங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

திரும்பும்போது முதுகெலும்பின் எந்த மட்டத்தில், எந்தப் பக்கம், எந்த மருந்து எவ்வளவு செலுத்தப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வலி திரும்பும் நாளில் உங்களைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.